பக்கத்து வீட்டிலிருந்து துபாய்க்கு

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. சென்னை விமான நிலையம் வரை நூற்று எண்பது கிலோமீட்டர், வாடகை 4,800 ரூபாய். அங்கிருந்து துபாய் சுமார் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், நாலேகால் மணி நேரப் பறப்பு. விமானம் மாலை நாலரைக்கு. மறுநாள் காலை துபாயில் என் மகளுக்குப் பிரசவ ஆபரேஷன். அவள் உள்ளே போவதற்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பைதான் இல்லை.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். கிளம்பும் நேரம் சரியில்லை என்றால், முன்னதாகவே நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலமே சரசா அக்கா வீட்டில் வைத்துவிட்டேன். இப்போது அந்த வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அன்று பௌர்ணமி. அக்கா விடிகாலையிலேயே கிரிவலம் போய்விட்டார்.

"பாஸ்போர்ட்டு?" என்றார் டிரைவர்.

"அதுலதான் இருக்குது."

"இன்னாம்மா நீங்க, ஒரு பழைய புடவைய வச்சா சாமி ஒத்துக்காதா?"

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். அதனால்தான் இப்படியோ என்று தோன்றியது. படித்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஏழாவது முறை அழைத்தபோதுதான் அக்கா எடுத்தார். பின்னால் ஒரே ஜனச் சத்தம்.

"அய்யய்யோ, நீ எடுத்துனு போயிட்டேன்னு நெனச்சேன்டி! மலைக்கு அந்தாண்ட, நிருதி லிங்கத்தாண்ட இருக்கேன்."

"ஆள் அனுப்பட்டுமாக்கா? சாவிய குடுத்துடுங்க."

"வண்டி எதுவும் உள்ள வுடமாட்டான். நானே வரேன். நீ அழுதுனு நிக்காத."

சுற்றைப் பாதியில் விடக் கூடாது என்பார்கள். அக்கா விட்டார். கூட்டத்துக்கு எதிராக நடந்து, எங்கோ ஓர் ஆட்டோ பிடித்து, பத்தேகாலுக்கு வந்து இறங்கினார். கதவைத் திறந்தபடியே, "வெயில் தாழட்டும், முதல்லேர்ந்து நடந்துக்கறேன். நீ போ" என்றார்.

கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. செங்கல்பட்டுக்கு முன் லாரிகள் வரிசையாக நின்றன. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க பாத்தா அது மெதுவாவா ஓடும்?" என்றார் டிரைவர். மூன்றே காலுக்கு உள்ளே நுழைந்தேன். கவுன்ட்டர் மூடக் கால் மணி நேரம்தான் இருந்தது.

விமானத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. மேகம், பிறகு கடல், பிறகு இருட்டு. துபாயில் இறங்கும்போது அங்கே மணி ஏழேகால், நம் ஊரில் எட்டே முக்கால். மருமகன் நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மகள் ஊசி குத்திய கையை நீட்டினாள். "வரமாட்டியோன்னு இருந்துச்சும்மா" என்றாள். பிடித்துக்கொண்டேன்.

மருமகன் போனில் அக்காவைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கியபடி பேசினார்.

"இப்பத்தான்டி முடிச்சேன். பதினாலு கிலோமீட்டரு. நீ எங்க?"

"துபாய்லக்கா."

"அதுக்குள்ளயா! பொண்ணு மூஞ்சிய பாத்துட்டியா?"

"பாத்துனே இருக்கேன்க்கா."

"அப்ப சரி, வையி. கால் வலிக்குது" என்று வைத்துவிட்டார்.