அரைப் பக்கத் துக்கம்

செய்தித்தாளை ஃபாலிஹ் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். காலை எட்டு மணி. ஒரு கையில் எள்ளு ரொட்டி, மறு கையில் சிவப்புப் பேனா. இரங்கல் விளம்பரங்களின் மேல் பேனா ஓடும். "இவரு நம்ம பெரிய வாடிக்கையாளரோட மச்சினன். கால் பக்கம். இந்தம்மா அமைச்சரோட அத்தை. அரைப் பக்கம். இந்த ஆளு யாருக்கும் யாருமில்ல, நேரா சொர்க்கத்துக்குப் போயிடுவான்."

ஜோர்டானின் தலைநகர் அம்மானில் பன்னிரண்டு மாடிக் கட்டடம், ஒன்பதாயிரம் ஊழியர்கள், நாடெங்கும் தொலைபேசிக் கோபுரங்கள். அத்தனை பெரிய நிறுவனத்தின் துக்கத்தைப் பத்தொன்பது வருடமாக எழுதுபவர் இந்த ஒரு மனிதர். மக்கள் தொடர்புத் துறையில் எனக்கு அடுத்த மேசை. மூத்த மகன் கைஸ் என்பதால் எல்லோருக்கும் அவர் அபூ கைஸ். "தலைவரும் இயக்குநர்களும் ஊழியர் அனைவரும் ஆழ்ந்த துயரத்தில் பங்கு கொள்கிறார்கள்" என்று தொடங்கும் அவருடைய வாசகம். போன வருடம் தலைவரின் மாமியார் இறந்தபோது அது அரைப் பக்கம் வந்தது. நாங்கள் ஆழ்ந்த துயரத்தில் இருப்பது பேப்பரைப் படித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

மேலதிகாரி யாராவது லிஃப்டில் ஏறினால் இவர் இறங்கிப் படியேறுவார். "அவரு சிரிப்பாரு, நானும் சிரிக்கணும். காலங்காத்தால அந்த வேலை எதுக்கு?" மகிழ்ச்சி வாரம் என்று ஆளுக்கொரு மஞ்சள் பலூன் தந்தார்கள். தன்னுடையதை ஆலோசனைப் பெட்டியில் கட்டிவிட்டு வந்தார். "ரெண்டுலயும் காத்துதான். ஜோடியா இருக்கட்டும்."

இந்த ரமலானில், மஃப்ரக் பக்கம் பழுது பார்க்கக் கோபுரத்தில் ஏறிய ஸுஃப்யான் விழுந்து இறந்தான். ஆறு வருடமாக எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் முத்திரையை நெஞ்சில் சுமந்தவன். ஃபாலிஹ் அன்றே எழுதிவிட்டார். "எங்கள் சக ஊழியர் ஸுஃப்யான்..." மேலே போன தாள், 'சக ஊழியர்' அடிக்கப்பட்டுத் திரும்பியது. அவன் ஒப்பந்தக்காரரின் ஆளாம். அச்சிட்டால் பொறுப்பு நம் தலையில் விழுமாம். தாளைக் கொண்டு வந்தவர் எங்கள் துறைத் தலைவி ருலா.

"அந்த ஒரு வார்த்தைய எடுத்துடுங்க, அபூ கைஸ். வேணும்னா அரைப் பக்கமாவே போட்டுக்கலாம்."

"எடுத்துட்டா அவன் யாரும்மா? ரோட்டுல போனவனா? அவன் பொண்டாட்டி அந்த வார்த்தையத்தான் கேட்டா. புள்ளைங்க நாளைக்கு, அப்பா எங்க வேலை பார்த்தாருன்னு கேட்டா எதைக் காட்டுவா?"

அவர் எடுக்கவில்லை. விளம்பரமும் வரவில்லை. அதே வாரம் தலைவரிடமிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. வரிக்கு வரி 'நாம் ஒரே குடும்பம்'. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்த ஓநாயாவது ஆட்டைத் தன் குடும்பம் என்று சொல்லவில்லை. ஃபாலிஹ் கடிதத்தைப் படித்துவிட்டு, நோன்பு திறக்க வைத்திருந்த ரொட்டியை அதில் பொதிந்து வைத்தார்.

பெருநாள் முடிந்து அலுவலகம் திறக்கும் நாளில், தலைவர் மேல்மாடிக் கூடத்தில் நின்று ஊழியர்களுக்குக் கை கொடுத்துக் கசப்புக் காபி தருவார். மரபைக் காக்கிறாராம். வரிசையில் நான் ஃபாலிஹுக்கு முன்னால் நின்றேன். எனக்கும் கோபம்தான். ஆனாலும் கோப்பையை வாங்கினேன், குடித்தேன், நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஃபாலிஹ் வாங்கிய கோப்பையைக் குடிக்காமல் கண்ணாடி மேசையில் வைத்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால், ஒன்றைக் கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லும்வரை அது அப்படியே இருக்கும். பழைய வழக்கங்கள் மாறாத கராக் ஊரில் பிறந்த தலைவருக்கு இது தெரியாததல்ல.

"குடிங்க, அபூ கைஸ். நாளைக்கு என் ரூமுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"ஸுஃப்யானுக்கு ஒரு வார்த்தைதாங்க ஐயா. அதுக்கு ரூம் எதுக்கு?"

தலைவர் சிரித்த முகம் மாறாமல் காபி ஊற்றுபவருக்குக் கண்ணைக் காட்டினார். அவர் கோப்பையை எடுக்கக் குனிந்தார். ஃபாலிஹ் தன் பெரிய உள்ளங்கையால் கோப்பையின் வாயை மூடிக்கொண்டார்.