நெருப்பை நூருங்கோ எண்டு சொன்னவர்

பேய், ஆவி எண்டு ஆரும் கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுற ஆள் நான். கோயிலுக்குப் போவன், திருநீறு பூசுவன், அதோடை சரி. நீங்கள் இதை நம்போணும் எண்டும் இல்லை, நடந்ததைச் சொல்லுறன்.

தொண்ணூறுகளின்ரை நடுவிலை வெளிநாட்டிலை, இன்டர்லாக்கன் எண்ட மலையூரிலை ஒரு ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவிக்கொண்டிருந்தனான். என்ரை அகதி வழக்கு அப்ப முடியேல்லை. அங்கை சமைச்சவன் ரேட்டோ, கிழக்குப் பக்கத்து மலைப் பெடியன், வீட்டிலை ரோமான்ஷ் பாஷை கதைக்கிற ஆக்கள். இலையுதிர் காலத்திலை ஹோட்டல் பூட்டின கிழமை, "வா, காட்டிலை கூடாரம் அடிச்சுப் படுப்பம்" எண்டான். காட்டிலை படுக்கிறது எனக்குப் புதிசில்லை, ஏஜென்சிக்காரனோடை எல்லை தாண்டேக்கை எத்தினை காட்டிலை படுத்தனான், ஆனால் அனுமதி கேட்டுப் படுத்தது அதுதான் முதல் தரம். ரேட்டோ அந்தக் காட்டுக்குப் பொறுப்பான ஃபோர்ஸ்டருக்கு ரெலிபோன் அடிச்சான். ஒரு இரவுக்கு ஓம் எண்டு சொன்ன அந்த மனுசன் சட்டமும் சொன்னவர்: மான் படுக்கிற பக்கம் போகாதேங்கோ, பச்சை மரத்திலை கை வைக்காதேங்கோ, நெருப்பு பழைய கல்லடுப்பிலை மட்டும், ஃப்யோன் அடிச்சால் அதுவும் கூடாது. ஃப்யோன் எண்டால் மலை தாண்டி இறங்கிற சூட்டுக் காத்து, ஒரு பொறி போதும், கீழை ஊரே எரிஞ்சிடும். காலமை வெளிக்கிடேக்கை அங்கை ஆக்கள் இருந்த அடையாளமே தெரியக் கூடாதாம்.

பொழுதுபட முன்னம் கூடாரம் அடிச்சு, அடுப்பை மூட்டி, அவன் சொசேஜ் வாட்ட, நான் கொண்டுபோன கோழிக்கறியைச் சூடாக்கினன். வானம் துப்பரவா இருந்தது, ஒரு இலை ஆடேல்லை. அப்பதான் மேல்பக்கமிருந்து ஒருத்தர் இறங்கி வந்தார், வயசான ஆள், கம்பளித் தொப்பி, கையிலை ஒண்டுமில்லை. அடுப்புக்கு அங்காலை நிண்டு, "நெருப்பை நூருங்கோ தம்பி, காத்து வருது" எண்டு சொல்லி, அங்காலை கிடந்த பாறைக்குக் கீழை போய்ப் படுக்கவும் சொன்னார். நான் "ஓம் அண்ணை" எண்டுபோட்டுத் தண்ணியை ஊத்தினன். ரேட்டோவும் தணலைக் கிண்டிக் கிண்டி நூத்தான். நிமிர்ந்து பாக்க ஆள் இல்லை.

பிறகுதான் எனக்கு உறைச்சது. "இந்தாள் எங்கை தமிழ் பழகினது?" எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் பொதுவான டொச்சு பாஷையிலை கேட்டன். ரேட்டோ என்னை ஒரு மாதிரிப் பாத்தான்.

"என்ன தமிழ்? ரோமான்ஷ் எல்லோ கதைச்சவர். எங்கடை ஊர்க்காரர் மாதிரி."

நான் இல்லை எண்ட, அவன் ஓம் எண்ட, நம்பினால் நம்புங்கோ, அந்த வாக்குவாதம் முடிய முன்னமே காத்து இறங்கிட்டுது. பானை உருண்டு போச்சுது, கொப்புகள் முறிஞ்சு பறந்தது. பாறைக்குக் கீழை ஓடிப் போய்ப் படுத்தம். அடுப்பு எரிஞ்சுகொண்டிருந்திருந்தால் கீழை வைக்கோல் கொட்டிலுகள் மிஞ்சியிராது, பொலிஸ் வந்திருக்கும், என்ரை வழக்கும் அதோடை முடிஞ்சிருக்கும்.

விடிய ஃபோர்ஸ்டர் எங்களைத் தேடி ஏறி வந்தார். கூடாரத்துக்கு மேலை ஒரு மரம் விழுந்து கிடந்தது. அவர் முதல்லை அடுப்புச் சாம்பலுக்குள்ளை கையை விட்டுப் பாத்தார், பிறகுதான் எங்களுக்குக் கை தந்தார். கிழவரைப் பற்றிக் கேட்டம். மேலை ஆரும் இல்லை, மாடு மேய்க்கிற ஆக்களும் எப்பவோ இறங்கிட்டினம் எண்டார். கிழிஞ்ச துணி, வளைஞ்ச கம்பி எல்லாம் பொறுக்கிக்கொண்டு நாங்களும் இறங்கினம்.

கனகாலத்துக்குப் பிறகு, ரேட்டோ தன்ரை ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டி இருக்கேக்கை, ஒருநாள் ரெலிபோன் எடுத்தான். அதை இதைக் கதைச்சுப்போட்டு, "அண்டைக்கு அந்தாள் எங்களை எத்தினை பேர் எண்டு சொன்னவர்?" எண்டு கேட்டான்.

நான் இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. "மூண்டு பேரும் பாறைக்குக் கீழை போங்கோ எண்டவர்" எண்டன்.

"எனக்கும் அப்பிடித்தான் கேட்டது" எண்டான்.

அந்தப் பாறைக்குக் கீழை சரியான இடுக்கு. அதுக்குள்ளையும் ரேட்டோ ஒரு கரையிலை, நான் மற்றக் கரையிலை, நடுவிலை ஒரு ஆள் படுக்க இடம் விட்டுத்தான் படுத்தனாங்கள். ஏன் அப்பிடிப் படுத்தம் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.