அந்த வீடியோவை நான் எடுக்கவில்லை

போன மாதம் ஒரு வீடியோ காலைப் பாதியில் கட் பண்ணினேன். அதற்காக இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாங்கிவிட்டுப் போகிறேன்... நாளைக்கே யாராவது போனைக் கையில் கொடுத்தாலும் அதையேதான் செய்வேன்.

விஷயம் இதுதான். கச்சிராயபாளையத்தில் எனக்கு ரவிக்கை தைத்துத் தருகிறவர் செல்வி. அவருடைய கணவர், வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டியவர், மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். ஆண்கள் ஆற்றங்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் பெண்கள் மட்டும். நடுவில் செல்வி — தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், நெற்றியில் பெரிய பொட்டு. இவ்வளவு அலங்காரம் எதற்கு? கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பதற்கு.

வாசலில் நின்ற கொழுந்தனார் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"எங்க சின்னக்கா சிங்கப்பூர்ல லைன்ல இருக்குது. நான் உள்ள வரக் கூடாது. நீங்கதான் பத்திரிகைக்கெல்லாம் போட்டோ எடுக்கறவங்களாச்சே... கொஞ்சம் நல்லா காட்டுங்க."

வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு முன்பே நாலைந்து போன்கள் உயர்ந்திருந்தன. "கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்று ஒரு குரல் வேறு.

படம் எடுக்கிறவளுக்கு முதல் வேலை பார்ப்பது. பார்த்தேன். செல்வி எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் ஒரு போன் இருந்தது. அழக்கூட அவருக்கு இடமில்லை. முந்தானையால் முகத்தை மூடினார். பக்கத்திலிருந்த ஒருத்தி அதை இழுத்து விலக்கினாள். மூஞ்சி தெரிய வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீடியோ காலைக் கட் பண்ணினேன். போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். செல்விக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நான் ஒல்லி இல்லை. நன்றாகவே மறைத்தது.

"இன்னாங்க, டவர் இல்லியா?" என்றார் பெரிய நாத்தனார்.

"டவர் நல்லா இருக்குதுங்க. நான்தான் கட் பண்ணேன்."

"கூடப் பொறந்தவ அவ்ளோ தூரத்துல அழுதுகினு கெடக்கறா. தம்பி காரியத்த அவ பாக்க வாணாமா?"

"தம்பிக்குக் காரியம் ஆத்துல நடக்குதுங்க. அதக் காட்டச் சொல்லுங்க. இது செல்வி மூஞ்சி."

அவர் பதில் சொல்வதற்குள் செல்வி எழுந்துவிட்டார். குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"தாலி அவரு கட்னது. நானே கழட்டித் தரேன். பூவும் பொட்டும் எங்கம்மா வூட்ல வச்சது. அத யாரும் தொட வாணாம்."

சொன்னபடியே தாலியைக் கழற்றி, அதற்கென்று வைத்திருந்த பால் கிண்ணத்தில் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இப்ப எடுங்க."

இப்போது நடந்ததுதான் வேடிக்கை. அத்தனை போன்களும் இறங்கிவிட்டன. "இதப் போயி யாரு எடுப்பாங்க..." என்று ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்வி அழுவதை எடுக்க இடித்துக்கொண்டு நின்ற கூட்டம், அவர் நிமிர்ந்து நின்றதும் கலைந்துவிட்டது.

என் போனில் எடுத்தேன். பிரமாதமான படம் ஒன்றும் இல்லை. பின்னால் கேஸ் சிலிண்டர், ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை. செல்வியின் கண் வீங்கியிருக்கிறது. பொட்டு லேசாகக் கோணல். சிரிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

கொழுந்தனார் வழியில் மடக்கினார். "அந்தப் போட்டோவ டெலீட் பண்ணிடுங்க. குடும்ப மானம்."

"வூட்டுக்குள்ள அத்தன பேரு வீடியோ எடுத்தாங்களே... அப்ப மானம் எங்க போச்சுங்க?"

தன் போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார்.

தெரிந்தவர்கள் புத்தி சொல்கிறார்கள். படம் எடுக்கிறவர் நடப்பதை அப்படியே எடுக்க வேண்டுமாம், நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். ஏன் கூடாது? நாம் ஒவ்வொரு முறை கேமராவைத் தூக்குவதும் ஒரு தீர்ப்புதானே? தூக்காமல் இருப்பதும்தான். எதை எடுக்கக் கூடாது என்று தெரியாத கைக்கு எதற்கு இத்தனை மெகாபிக்சல்?

செல்வி அந்தப் படத்தைப் பிரேம் போட்டு, தையல் மெஷினுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார். பெரிய நாத்தனார் போன வாரம் ரவிக்கை தைக்க வந்தாராம்... அளவு கொடுத்து முடிக்கிற வரைக்கும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.