எழுத்துருவை மறந்த ஞாயிறு

எங்கள் காட்டுப்பாக்கம் பிளாட்டின் பால்கனியில் பாதி இடம் துணி காய. மீதிப் பாதியில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் நிற்கின்றன. பக்கத் தகடு கழற்றி, உள்ளே விசிறி தெரிய, ஒரு காலத்து வெள்ளை இன்று வெற்றிலை போட்ட பல்லாகப் பழுத்துவிட்ட பெட்டிகள். ஒன்றில் லினக்ஸின் ஒல்லியான ஒரு வகை ஓடுகிறது. இன்னொன்றில் ஹைக்கூ என்ற இயங்குதளம். பெயருக்காகவே ஏற்றினேன். சொற்பமான நினைவகத்தில் அது எழுந்து நிற்கும் வேகத்தைப் பார்த்தால் வயதானவர் ஒருவர் சட்டென்று படியேறுவது போலிருக்கும். மூன்றாவது பெட்டியில் வாரத்துக்கு ஒன்று மாறும். எனக்கு ஒன்றில் நிலைக்கத் தெரியாது.

"இது ஊடா, காயலாங்கடையா?" என்று என் மனைவி கேட்பாள்.

பொழுதுபோக்கு என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அப்படியில்லை. நான் ஒன்றைத் தொலைத்தேன். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது மண்ணூர்பேட்டையில் குடியிருந்தோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் பராமரிப்பு வேலை. அவளுக்குப் பக்கத்துத் தெரு அச்சகத்தில் தமிழ் டைப் செய்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. விசைப்பலகையைக் குனிந்து பார்க்கவே மாட்டாள். அதில் இருப்பது ஆங்கில எழுத்து, அவள் விரலுக்கடியில் இருப்பது தமிழ். அச்சகத்தை மூடியபோது முதலாளி அவள் வேலை செய்த கம்ப்யூட்டரை அவளிடமே கொடுத்துவிட்டார். "நீயே வச்சிக்கோம்மா, உன் கைக்குப் பழகினது" என்றாராம். ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு மதியங்களில் டைப் செய்வாள். முதல் ஷிப்ட் முடிந்து நான் சந்துக்குள் திரும்பும்போதே விசைகளின் சத்தம் கேட்கும், தகரத்தில் தூறல் விழுவது போல. உள்ளே நுழைந்ததும் கோப்பை மூடிவிட்டு நாற்காலியை எனக்கு விடுவாள். வெளி வேலை எதுவும் அப்போது அவள் வாங்கவில்லை. அப்படியானால் என்ன டைப் செய்தாள்? ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பெட்டி என் கைக்கு எப்போது வரும் என்பதே எனக்கு அவசரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தேன்.

"விண்டோஸ் ரொம்ப முக்குது. லினக்ஸ் போட்டா பறக்கும், பாரு."

"அது பறக்க வேணாம்யா. நடந்துகினு கீதில்ல, உடு."

"வைரஸ் வேற கீது."

"என் ஃபைலுங்க?"

"எல்லாத்தையும் சிடில எடுத்து வச்சிட்டேன். நான் இன்னா கத்துக்குட்டியா?"

உண்மையாகவே எடுத்து வைத்திருந்தேன். இரண்டு சிடி, இரண்டு முறை சரிபார்த்து, மேலே நீல ஸ்கெட்ச் பேனாவில் அவள் பெயர்கூட எழுதினேன். ஹார்ட் டிஸ்க் என்கிற உள்வட்டு முழுவதையும் அழிக்கலாமா என்று இயந்திரம் கேட்டது. ஆம் என்றேன். உறுதியாகவா என்று மறுபடி கேட்டது. ஆம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே புதுத் திரை மலர்ந்துவிட்டது. நீல நிறம், வழுக்கிக்கொண்டு ஓடும் அம்புக்குறி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அவள் ஒரு கோப்பைத் திறந்தாள். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் எறும்புப் புற்றைக் கலைத்தாற்போல் திரை நெடுகக் கிடந்தன.

"இன்னாய்யா இது?"

இன்னொரு கோப்பு. அதுவும் அப்படித்தான்.

அந்தக் காலத்துத் தமிழ் இப்படித்தான் வாழ்ந்தது. உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து, அதற்குத் தமிழ்ச் சட்டை மாட்டுவது எழுத்துரு என்கிற ஃபான்ட். ஃபான்ட் இல்லையென்றால் தமிழ் இல்லை. அதைத்தான் நான் எடுத்து வைக்கவில்லை. தமிழ் என்பது எல்லாக் கம்ப்யூட்டரிலும் தானாகவே இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இயங்குதளத்தின் கருவான கெர்னல் முதற்கொண்டு தெரிந்தவன், என் மனைவியின் தமிழ் அந்தப் பெட்டியில் எங்கே குடியிருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

கடைகளில் கிடைக்கும் ஃபான்ட்களைப் போட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. அச்சக முதலாளி தன் ஆட்களின் வசதிக்காக எழுத்துகளை இடம் மாற்றி அமைத்துக்கொண்ட ஃபான்ட் அது. அவரும் ஊர்ப்பக்கம் போய்விட்டார். அச்சகத்தில் இருந்த மற்ற மூன்று கம்ப்யூட்டர்களும் பழைய சாமானுக்குப் போயிருந்தன.

"ஒரு எழுத்துகூடப் போகல, எல்லாம் உள்ளதான் கீது" என்றேன், சமாதானமாக.

"சரி" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் டைப் செய்யவே இல்லை. சந்துக்குள் திரும்பும்போது தூறல் சத்தம் கேட்காததைக் கவனிக்கக்கூட எனக்குச் சில மாதங்கள் ஆயின.

அன்றிலிருந்து தேடுகிறேன். அம்பத்தூரில் பழைய கம்ப்யூட்டர் எடை போட்டு வாங்குகிற நண்பன் ஒருவன் இருக்கிறான். "இன்னா மாமே, இன்னும் அந்தப் பொட்டியத் தேடிகினு கீறியா? பேசாம புதுசா ஒரு பொண்டாட்டிய கட்டிக்க, சீக்கிரம் கெடைப்பா" என்பான். ஆனாலும் அச்சகத்திலிருந்து வந்த பெட்டி என்று தெரிந்தால் எனக்காக எடுத்து வைப்பான். இந்தக் கிழ இயந்திரங்களை எழுப்பப் புது விண்டோஸால் ஆகாது. ஒல்லியான, ஊர்பேர் தெரியாத இயங்குதளங்கள்தான் அவற்றோடு பேசும். ஒவ்வொன்றாக ஏற்றி வட்டுகளைத் துழாவுவேன். யார் யாருடைய காதுகுத்தோ இருக்கும். அந்த ஃபான்ட் மட்டும் இருக்காது.

போன ஞாயிறு மதியமும் அப்படித்தான். புதிதாக வந்த பெட்டியின் வட்டு டக் டக் என்று மட்டும் சொல்லிவிட்டு அடங்கிப்போனது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்துத் திரையில் அவளுடைய கோப்பு ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். அவள் துணி எடுக்க வந்தாள். தோளில் துண்டுகளோடு அந்த எறும்புப் புற்றைப் பார்த்தபடி நின்றாள். வலது கை தானாக இறங்கி வாஷிங் மெஷின் மூடியில் உட்கார்ந்தது. பிறகு இடது கையும். விரல்கள் மெல்ல அசைந்தன. திரையில் ஓர் எழுத்து, மூடியில் ஒரு தட்டு. உதடும் சேர்ந்து அசைந்தது. மூன்றாவது வரியில் சிரித்துவிட்டாள்.

"படிக்க முடியுதா?"

"கை சொல்லுது."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே தெரிஞ்சுது. தட்டினவளுக்குத் தெரியாதா?"

"சொல்லவே இல்லியே!"

"நீ ஃபான்ட்ட தான தேடிகினு இருந்த. என்னிய எங்க கேட்ட?"

"இன்னா எழுதிகீற? சொல்லேன்" என்றேன்.

திரையை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை. கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை.

"அப்பக் கேட்டிருந்தா படிச்சே காட்டியிருப்பேன்யா. உனக்குன்னுதான் எழுதினேன். இப்ப வேற எவளோ எழுதின மாதிரி கீது. உடு. அந்தப் பொட்டிய நகத்து, போர்வ காயப் போடணும்."

இன்னும் இரண்டு கோப்புகளை அவள் முன் திறந்து வைத்து விரல்களோடு உதட்டையும் கவனித்தால், எந்த விசை எந்த எழுத்து என்று எனக்கும் பிடிபட்டுவிடும். ஒரு வாரம் போதும். செய்யவில்லை. கோப்பை மூடினேன். பெட்டியை நகர்த்திவிட்டு, ஈரப் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவருமாக முறுக்கிப் பிழிந்தோம்.