துக்கம் கேட்க வந்த லோரி

"…அன்னிக்கு நீங்க கொஞ்சம் மெதுவாப் பாடியிருந்தா, அண்ணி இன்னிக்கு இங்க உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருக்காது லா!" என்றார் முனியாண்டி. எங்கள் எஸ்டேட்டின் லோரி டிரைவர். என் மனைவி ரோசம்மா சுகமானதற்காக எங்கள் வீட்டில் வைத்த ஸ்தோத்திரக் கூட்டம் அது. பாட்டு தொடங்கும் நேரம். சபையார் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சு அல்ல, பிரியமானவர்களே.

1978, மழைக்காலம். கரங்கான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். ரோசம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சுவிடத் திணறினாள். தலையை மடியில் வைத்துக் கஞ்சித் தண்ணீர் ஊட்டுவேன். பாதி வெளியே வழியும். சேலை மாற்றிவிட்டேன். தலையும் பின்னிவிட்டேன், கோணலாகத்தான். பெரிய வாயாடி அவள். அதைக் கேலி செய்யக்கூட அவளிடம் தெம்பில்லை. அதில்தான் நான் உடைந்து போனேன்.

ஒரு காலையில் எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரசர் வந்து பார்த்தார். "இனி என் கையில இல்லப்பா. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். எதில் கொண்டு போவது? எஸ்டேட் வேன் பட்டறையில் கிடந்தது. லோரி அடுத்த டிவிஷனுக்குப் போயிருந்தது. சேற்றுப் பாதையில் டாக்சி வராது. மழையால் அன்று பால் வெட்டு இல்லை, சபையார் ஓடி வந்தார்கள். "ஆண்டவரே, ஒரு வண்டி கொடும்" என்று முழங்காலில் நின்று அழுதேன். மற்றவர்கள் உரத்த குரலில் பாட ஆரம்பித்தார்கள்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் ஜெபக்கூட்டம் சாயங்காலத்தில்தான் நடக்கும். பட்டப்பகலில் கிறிஸ்தவர் வீட்டில் கூட்டமாகப் பாட்டுக் கேட்டால் அது துக்க வீடு. பக்கத்து இந்துச் சனங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். "ரோசம்மா போயிட்டா" என்று செய்தி அடுத்த டிவிஷன் வரை பறந்துவிட்டது! கொஞ்ச நேரத்தில் முனியாண்டியின் லோரி வாசலில் வந்து நின்றது. அதில் பந்தல் போட மூங்கிலும் கித்தானும். பின்னாலிருந்து பெண்கள் ஒப்பாரியோடு இறங்கினார்கள். அந்தச் சத்தத்தில் ரோசம்மா கண் திறந்தாள்.

"யாரு செத்தா?" என்றாள்.

முனியாண்டிக்கு முகம் வெளுத்துப் போனது. "ஐயோ, அண்ணி உசுரோட இருக்கு! மூங்கிலை எறக்குங்கடா! மெத்தையை ஏத்துங்க!" என்று கத்தினார். அழ வந்த பெண்களே அவளைத் தாங்கித் தூக்கினார்கள். பந்தல் கித்தானை மழைக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் கேட்டது ஒரு வண்டி. கர்த்தர் வண்டியோடு ஒரு லயத்தையே அனுப்பினார்!

ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். ஊசி போட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். நான் பக்கத்திலேயே கிடந்தேன். ஒரு நாள் அவள் தன் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "என்னய்யா இது, மாட்டு வாலா?" என்று கேட்டாள். அல்லேலூயா! அவள் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

இப்போது எந்த வீட்டில் நோய் என்றாலும், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், நாங்கள் இருவரும் முதலில் போய் நிற்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒருவர் படுக்கையில் இருக்கலாம். கூச்சப்படாமல் கர்த்தரைக் கூப்பிடுங்கள். பதில் எந்தக் கோலத்தில் வந்தாலும் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றைய ஸ்தோத்திரக் கூட்டத்தில் சிரிப்பு அடங்கியதும், "பேசுனது போதும் தம்பி, பாடப் போறோம்" என்றாள் ரோசம்மா. முனியாண்டி எழுந்து போய், வீட்டுச் சன்னல்களை ஒவ்வொன்றாக அகலத் திறந்துவிட்டார்.