தங்கமீனுக்குச் சாயம் கொடுத்த கடைக்காரர்

தம்பி கொழும்பிலிருந்து கொண்டுவந்த மூன்று தங்கமீன்களும் கண்ணாடி ஜாடியில் வெளுத்துக்கொண்டே வந்தன. கேந்தி என்கிற செண்டுமல்லிப் பூவை உலர்த்தி இடித்து இரையில் கலந்தால் நிறம் ஏறும் என்றார்கள். கோட்டாறு கடைத்தெருவில் ஒரு கடையில் அந்தப் பொடியைக் கேட்டு வாங்கினேன். போட்ட இரண்டாம் நாளே இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மூன்றாவதைக் காப்பாற்ற நீரை மாற்றும்போது வேட்டியில் கொட்டியது. எத்தனை துவைத்தும் கறை போகவில்லை.

"பூவுக்க நெறம் இப்பிடியா ஒட்டும்? இது நூலுக்குப் போடுற சாயமாக்கும்!" என்றாள் என் மனைவி.

கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். "நெறந்தானே கேட்டீரு? ரெண்டு மீனுக்கா ஓய் இந்தச் சண்டை?" என்று சிரித்தார். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது பூவை நானே உலர்த்தி இடிக்கிறேன். பிழைத்த மீன் நன்றாகச் சிவந்திருக்கிறது. கோட்டாற்றுக்கு மட்டும் அந்தக் கறை வேட்டியைத்தான் கட்டிப் போகிறேன். என்ன கறை என்று கேட்பவர்களுக்கு, அவர் கடை வாசலில் நின்றே பதில் சொல்கிறேன்.