சொல்லிவிட்டு வழக்குப் போட்டவர்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்து, பிறகு விறகு வியாபாரமும் பார்த்து, நாலு பேர் மதிக்க வளர்ந்தவன். யாருக்கும் பயந்ததில்லை, ஓர் ஆட்டுக்காரரைத் தவிர.

அவர் ஊர்க் கண்மாயின் கருவேல மரங்களை வெட்ட வனத்துறை எனக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தது. மெலிந்த ஆள். கருவேலத்தின் காய்ந்த காயான நெத்தைக் காதருகே குலுக்கிப் பார்ப்பது அவர் பழக்கம். வெட்டு தொடங்குவதற்கு முந்தின நாள் என் வாசலில், குலுக்காமலே அது கையில் சலசலத்தது. அவ்வளவு நடுக்கம்.

"மொதலாளி, நாளைக்கு மதுரை கோர்ட்டுல ஒங்க லைசென்ச எதுத்து கேஸ் போடுதேன்."

"கெவுர்மெண்டு குடுத்ததவே! அதக் கேக்க நீரு யாரு?"

"நானும் கேக்கலாம்னு வக்கீலய்யா சொல்லுதாவ. கோடைக்கு எங்க ஆடுவளுக்கு அந்த நெத்துதான் தீனி."

"பயமா இல்லையாவே?"

"இருக்கு மொதலாளி. ஆனா மொகத்துக்கு நேரா சொல்லாம கேஸுக்குப் போறது எங்க ஊர்ல பழக்கமில்ல."

கோர்ட் தடை வருமுன் ஒரே பகலில் கண்மாயை மொட்டையடிக்க என்னிடம் ஆள் இருந்தது. அது அவருக்கும் தெரியும். இவ்வளவு பயத்தோடு வந்து நிற்கிறவரை எதைக் காட்டி மிரட்டுவது?

மறுநாள் காலை கோடாரியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். ஏன் என்று கேட்டார்கள். பயம் என்று சொல்ல வாய் வரவில்லை.